வாசல் இல்லாத பல்கலைக்கழகம்: லெய்டனுக்கு ஒருநாள் ரயில் பயணம்

ஏப்ரல் மாதத்தில் ஆம்ஸ்டர்டாமில் ஒரு வாரம் தங்கியிருந்தபோது, ஒரு சனிக்கிழமையையாவது அந்நகரின் நெரிசலுக்கு வெளியே கழிக்கலாம் என்று முடிவுசெய்து, காலையில் ரயிலேறி லெய்டனுக்குப் போய் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பினோம். உடன் வந்தவர் என் மாமனார். ரயில்வேயில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வுபெற்ற அவர், எந்த நாட்டு ரயிலையும் நடைமேடைக் கடிகாரத்தைக் கொண்டுதான் எடைபோடுவார். எனவே இந்த மதிப்புரையில் ரயிலைப் பற்றிய கருத்துகளில் பாதி அவருடையவை. ஊரைப் பற்றிய என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐரோப்பியப் பழம் பல்கலைக்கழக நகரம் ஒன்றை ஒரே நாளில் பார்த்துவர விரும்புபவருக்கு லெய்டன் மிகப் பொருத்தமானது. ஆனால் அங்கே பல்கலைக்கழகத்தையே பார்க்கப் போகிறோம் என்று எண்ணி இறங்குபவர் முதல் ஒரு மணி நேரம் திகைத்துத்தான் நிற்பார்.

ஆம்ஸ்டர்டாம் மத்திய நிலையத்திலிருந்து லெய்டன் மத்திய நிலையத்துக்கு விரைவு ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். நாங்கள் போனபோது ஒருவழிக் கட்டணம் பத்து யூரோவுக்குச் சற்று மேல். போக வர வாங்கினாலும் தள்ளுபடி கிடையாது, இரட்டிப்புதான். இருக்கை முன்பதிவு என்ற ஒன்றே இல்லாததால், இந்த ரயிலைத்தான் பிடித்தாக வேண்டும் என்ற பதற்றமும் இல்லை. ஒன்று போனால் சற்று நேரத்தில் அடுத்தது வந்துவிடும். தொடுமுறையில் பணம் செலுத்தும் வசதியுள்ள வங்கி அட்டை வைத்திருப்பவர் சீட்டே வாங்க வேண்டியதில்லை. ஏறும் நிலையத்தின் தடுப்புக் கதவில் அட்டையைத் தொட்டு உள்ளே சென்று, இறங்கும் நிலையத்தில் மறுபடியும் தொட்டு வெளியே வந்தால், அந்தத் தூரத்துக்குரிய கட்டணம் கணக்கிலிருந்து தானாகக் கழிந்துவிடும். இதில் இரண்டு நுணுக்கங்களை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஓர் அட்டை ஒருவருக்கு மட்டுமே செல்லும். குடும்பமே ஒரே அட்டையைத் தொட்டுக்கொண்டு போக முடியாது. மேலும், அட்டையைத் தொட்டு நுழைந்தவர் அதே அட்டையைத் தொட்டுத்தான் வெளியேற வேண்டும். அதே வங்கிக் கணக்கு கைப்பேசியிலும் இணைந்திருக்கிறதே என்று வெளியே வரும்போது கைப்பேசியை நீட்டினால், இயந்திரம் அதை வேறொரு பயணியாகவே எடுத்துக்கொள்ளும். மாமனாருக்கு இந்த ஏற்பாடே பிடிக்கவில்லை. கையில் சீட்டு இல்லாமல் ரயிலேறுவதற்கு அவர் மனம் ஒப்பாததால், இயந்திரத்தில் அவருக்கென்று தனியாக ஒரு சீட்டு எடுத்தேன். அதை அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பரிசோதகர் யாராவது வருகிறாரா என்று வழி முழுவதும் எதிர்பார்த்தபடி இருந்தார். யாரும் வரவில்லை.

வழியைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு சிறு கவனம் தேவை. ஸ்கிப்போல் விமான நிலையம் வழியாகவும் லெய்டனுக்குப் போகலாம், ஹார்லம் வழியாகவும் போகலாம். வசந்த காலத்தில் போகிறவர் யோசிக்காமல் ஹார்லம் வழியையே பிடிக்க வேண்டும். நெதர்லாந்தின் முதல் ரயில் 1839இல் ஆம்ஸ்டர்டாமுக்கும் ஹார்லமுக்கும் இடையே ஓடியது. அந்தப் பாதை 1842இல் லெய்டன் வரை நீண்டது. ஆகவே நாம் போவது அந்நாட்டின் மிகப் பழைய தண்டவாளத் தடத்தில் என்பது ஒரு சிறப்பு. மற்றொரு சிறப்பு, ஹார்லமைத் தாண்டியதும் சாளரத்தின் இருபுறமும் துலிப், ஹயசிந்த் பூக்களின் வயல்கள் சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாகப் பட்டை பட்டையாக ஓடத் தொடங்குவது. இவற்றைப் பார்ப்பதற்கென்றே பேருந்துச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டுகிறவர்கள் பலர். எங்களுக்கு அது ரயில் கட்டணத்துக்குள்ளேயே கிடைத்தது. ஈரடுக்குப் பெட்டி வந்தால் மேல் தளத்துக்கு ஏறிவிடுங்கள். ஆனால் சாளரக் கண்ணாடியில் அமைதிப் பகுதி என்ற அடையாளம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து உட்காருங்கள். நாங்கள் பார்க்கவில்லை. பூ வயலைக் கண்ட மகிழ்ச்சியில் மாமனார் ஊருக்குக் கைப்பேசியில் அழைத்து உரத்த குரலில் வருணிக்கத் தொடங்க, எதிர் இருக்கையில் இருந்த மூதாட்டி ஒரு சொல்லும் பேசாமல் அந்த அடையாளத்தை விரலால் சுட்டிக்காட்டிவிட்டு மீண்டும் புத்தகத்தில் ஆழ்ந்துவிட்டார்.

லெய்டன் நிலையத்துக்கு இரண்டு பக்கமும் வெளிவாசல்கள் உண்டு. பழைய நகரத்துக்குப் போக மையப் பகுதி என்று குறித்திருக்கும் வாசலில் வெளியேற வேண்டும். அங்கிருந்து பத்து நிமிட நடையில் கால்வாய்கள் தொடங்கிவிடுகின்றன. வழியிலேயே 1743இல் கட்டப்பட்ட டெ வால்க் என்ற உயரமான காற்றாலை நிற்கிறது. நகரத்தின் முக்கிய இடங்கள் எல்லாமே ஒன்றிலிருந்து ஒன்று கால் மணி நடைக்குள் இருப்பதால், நாள் முழுவதும் எங்களுக்குப் பேருந்தோ வாடகை வண்டியோ தேவைப்படவில்லை. ஒருநாள் பயணத்துக்கு இந்த ஊரைப் பரிந்துரைப்பதற்கு இதுவே முதல் காரணம். அழகான ஊர்கள் வேறு பல இருந்தாலும், நிலையத்தில் இறங்கிய நிமிடத்திலிருந்தே நாளைத் தொடங்கிவிட முடிகிற ஊர்கள் குறைவு.

இனி அந்தத் திகைப்புக்கு வருகிறேன். ஆக்ஸ்போர்டையோ கேம்பிரிட்ஜையோ மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர், கோபுர வாசலும், புல்வெளி முற்றமும், சுற்றிலும் மதிலும் கொண்ட ஒரு கல்லூரியைத் தேடுவார். லெய்டனில் அப்படி எதுவும் இல்லை. பல்கலைக்கழகம் நகரத்துக்குள் கரைந்து கிடக்கிறது. ஒரு துறை கால்வாய்க் கரை வீடொன்றில் இருக்கும். சட்டத் துறை பழைய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இருக்கும். மாணவர் விடுதியும் பல் மருத்துவரின் இல்லமும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டிருக்கும். "மாப்பிள்ளை, யுனிவர்சிட்டிக்கு இன்னும் எவ்வளவு தூரம்?" என்று மாமனார் மூன்றாவது முறை கேட்டபோது நாங்கள் ஏறக்குறைய அதன் நடுவில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

அது ராப்பன்புர்க் என்ற கால்வாய். அதன் கரையில், முன்பு கன்னியர் மடத்தின் தேவாலயமாக இருந்து 1581 முதல் பல்கலைக்கழகத்தின் தலைமைக் கட்டடமாக இருந்துவரும் அகாதமி மாளிகை நிற்கிறது. அதைப் பார்த்து வியப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. செங்கல் சுவரும் நீண்ட சாளரங்களும் ஒரு சிறு கோபுரமும்தான். அதன் கதை தெரிந்திருந்தால் மட்டுமே அங்கே கால் நிற்கும். ஸ்பானியப் பேரரசை எதிர்த்துக் கிளர்ந்த லெய்டன் நகரத்தை 1573, 1574ஆம் ஆண்டுகளில் ஸ்பானியப் படை முற்றுகையிட்டது. உள்ளே பஞ்சத்திலும் நோயிலும் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். கடைசியில் கிளர்ச்சிப் படையினர் கடலைத் தடுத்திருந்த கரைகளைத் தாங்களே உடைத்து, வயல்களை வெள்ளக்காடாக்கி, தட்டையான அடிப்பாகம் கொண்ட படகுகளில் வந்து 1574 அக்டோபர் 3 அன்று நகரத்தை மீட்டனர். துன்பம் தாங்கிய நகரத்துக்குப் பரிசாக வரிவிலக்கு வேண்டுமா, பல்கலைக்கழகம் வேண்டுமா என்று கிளர்ச்சியின் தலைவரான ஆரஞ்சு இளவரசர் வில்லியம் கேட்டதாகவும், மக்கள் பல்கலைக்கழகத்தைக் கேட்டதாகவும் ஒரு கதை அங்கே வழங்குகிறது. கதை எப்படியானாலும், அடுத்த ஆண்டு 1575 பிப்ரவரியில் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது உண்மை. நெதர்லாந்தின் முதல் பல்கலைக்கழகம் அதுவே. 'சுதந்திரத்தின் அரண்' என்னும் பொருளுடைய லத்தீன் தொடர் அதன் குறிக்கோளாக இன்றும் இருக்கிறது.

பெரிய சொற்களைக் குறிக்கோளாக வைத்துக்கொள்ளாத பல்கலைக்கழகம் உலகில் இல்லை என்பதால், இதைப் படித்தபோது எனக்கு முதலில் பெரிய மதிப்பு எழவில்லை. ஆனால் இந்தக் கட்டடத்துக்குள்தான் 1940 நவம்பர் 26 அன்று, நாஜி ஆக்கிரமிப்பின் நடுவில், சட்டத் துறைத் தலைவர் ருடால்ஃப் க்ளெவெரிங்கா எழுந்து நின்று, யூதர் என்பதற்காகப் பதவி நீக்கப்பட்ட தம் ஆசிரியர் மெயர்ஸின் புலமையை நிதானமாக விவரித்து, அந்த நீக்கத்தைக் கண்டித்துப் பேசினார். மறுநாள் அவர் கைது செய்யப்பட்டார்; மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தனர்; ஆக்கிரமிப்பாளர்கள் பல்கலைக்கழகத்தை மூடினர். அதே மாளிகையில், தேர்வு முடிவுக்காக மாணவர்கள் காத்திருக்கும் 'வியர்வை அறை' என்ற சிறிய அறையும் உண்டு; பட்டம் பெற்றவர்கள் தங்கள் பெயரை அதன் சுவரில் எழுதிவைப்பது வழக்கம். கௌரவப் பட்டம் பெற்ற சர்ச்சிலின் பெயரும் நெல்சன் மண்டேலாவின் பெயரும் அங்கே உள்ளன. இது பயன்பாட்டில் உள்ள கட்டடம் என்பதால் பயணிகள் நினைத்தபோது உள்ளே நுழைந்து பார்க்க முடியாது. நாங்களும் வெளியிலிருந்தே பார்த்துவிட்டு நகர்ந்தோம். இந்தக் குறையை மறைக்க விரும்பவில்லை: இந்த ஊரின் மிக முக்கியமான அறைகள் பூட்டிய கதவுகளுக்குப் பின்னால்தான் இருக்கின்றன.

ஆனால் அந்த மாளிகையை ஒட்டி, அதன் பின்புறத்தில் இருக்கும் தோட்டத்துக்கு யாரும் சீட்டு வாங்கி நுழையலாம். ஹோர்டஸ் பொட்டானிக்கஸ் என்னும் இந்தத் தாவரவியல் பூங்கா 1590இல் தோன்றியது. மருத்துவ மாணவர்கள் மூலிகைகளை இனங்கண்டு படிப்பதற்காகப் பல்கலைக்கழகம் அமைத்துக்கொண்டது. 1593இல் இதன் பொறுப்பை ஏற்க வந்த க்ளூசியஸ் என்ற தாவரவியலாளர், வியன்னாவில் பணியாற்றிய காலத்தில் சேர்த்த துலிப் கிழங்குகளையும் கொண்டுவந்தார். துருக்கி வழியாக ஐரோப்பாவுக்கு வந்த அந்தப் பூ, இங்கே அவர் கையில் ஆய்வுப் பொருளாகத்தான் வளர்ந்தது. அடுத்த தலைமுறையில் அதே பூவின் கிழங்கு வீட்டு விலைக்கு விற்றதும், 1637இல் அந்தச் சந்தை ஒரேயடியாகச் சரிந்ததும் பொருளாதார வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் செய்தி. க்ளூசியஸின் தோட்டத்தை, 1594ஆம் ஆண்டில் எழுதப்பட்ட செடிப் பட்டியலை வைத்து மீண்டும் அமைத்திருக்கிறார்கள். செவ்வகப் பாத்திகள், இடையே ஒடுங்கிய நடைவழி, ஒவ்வொரு செடிக்கும் ஒரு பெயர்ப்பலகை. காலையில் ரயிலிலிருந்து பார்த்த வயல்களின் ஒரே அளவான, கொழுத்த பூக்களுக்குப் பிறகு, இங்கே சாண் உயரத்தில், கூரிய இதழ்களுடன், ஒன்றுபோல் மற்றொன்று இல்லாமல் நிற்கும் பழைய வகைத் துலிப்புகளைப் பார்ப்பது வேறோர் அனுபவம். அந்த வயல்கள் அனைத்துக்கும் முன்னோர் இவை என்று மனம் உடனே கணக்குப் போட்டுக்கொள்கிறது. ரயிலில் ஹார்லம் வழியாக வரச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோட்டம் பெரியதல்ல, வேகமாக நடந்தால் அரை மணியில் சுற்றிவிடலாம். நாங்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜப்பானில் டச்சு வணிக நிலையத்தின் மருத்துவராக இருந்த சீபோல்ட் கொண்டுவந்த மரங்களிலும் கொடிகளிலும் சில இன்றும் அங்கே உயிரோடு இருக்கின்றன. கண்ணாடிக் கூடங்களுக்குள் நுழைந்ததும் மூக்குக் கண்ணாடியில் ஆவி படர்ந்துவிடுகிறது. வெளியே குளிரில் விறைத்திருந்த மாமனாருக்கு அந்த வெப்பமே பெரிய உபசாரமாக இருந்தது. அங்கே வளர்க்கப்படும் செடிகளில், கிளைக்காத பூங்கொத்துகளில் உலகிலேயே மிகப் பெரியதைத் தள்ளும் டைட்டன் ஆரம் என்ற சுமத்திராச் செடியும் ஒன்று. அது நம் சேனைக்கிழங்குக்கு நெருங்கிய உறவு என்று சொன்னதும், "அதான் நாறுமாம்" என்று அவர் சட்டென்று புரிந்துகொண்டார். சேனை பூத்திருக்கும் தோட்டத்தைக் கடந்து போனவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆள் உட்காரும் அளவுக்கு இலை விரிக்கும் விக்டோரியா அல்லியைக் காண வேண்டுமானால் கோடையில்தான் வர வேண்டும்.

தோட்டத்திலிருந்து வெளியே வந்து மறுபடியும் ராப்பன்புர்க் கரையில் நடக்கும்போது, இந்த ஊரின் வேறொரு தொழிலையும் நினைத்துக்கொள்ளலாம்: அச்சுத் தொழில். டெக்கார்ட்டின் மெய்யியல் நூலான 'முறை பற்றிய உரை' 1637இல் முதலில் அச்சானது லெய்டனில். இத்தாலியில் திருச்சபையின் தடைக்கு உட்பட்டிருந்த கலிலியோவின் கடைசிப் பெரும் நூலை, 1638இல் இங்கிருந்த எல்செவியர் அச்சகத்தார் வெளியிட்டனர். உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸின் நூலும் 1735இல் சில பெரிய தாள்கள் மட்டுமே கொண்ட மெல்லிய பதிப்பாக முதலில் இங்கிருந்துதான் வந்தது. பல்கலைக்கழகம் கண்ணில் படவில்லையே என்ற குறை எனக்கு இந்த இடத்தில்தான் நீங்கியது. மதிலும் வாசலும் இல்லாவிட்டாலும், இங்கிருந்து வெளியே போனவை எவை என்று எண்ணத் தொடங்கினால் ஊர் வேறு மாதிரி தெரிகிறது.

மதிய உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புதன், சனி ஆகிய கிழமைகளில் புதிய ரைன் கால்வாயின் கரையில் சந்தை கூடுகிறது. நாளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உள்ளவர் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுக்கட்டும். முதலில் கால்வாயோரத்தில் மேசை போட்டிருந்த ஓர் உணவகத்தில் அமர்ந்தோம். உணவுப் பட்டியல் வருவதற்கே இருபது நிமிடமாயிற்று. சைவ உணவு என்று கேட்டதற்கு வந்தது, ரொட்டித் துண்டின் மேல் உருகாத பாலாடைக்கட்டியும் இரண்டு வெள்ளரி வில்லைகளும்தான். அதே பணத்துக்குச் சந்தையில் இரண்டு பேர் வயிறார உண்டிருக்கலாம். வெங்காயம் தூவிய உப்பு ஹெர்ரிங் மீன், சுடச்சுடப் பொரித்த மீன் துண்டுகள், உருளைக்கிழங்கு வறுவல், நடுவில் பாகு வைத்த ஸ்ட்ரோப்வாஃபல் என்று கடைக்குக் கடை மணம் இழுக்கிறது. அங்கே தவறவிடக்கூடாத ஒன்று லெய்டன் பாலாடைக்கட்டி. இதில் சீரகம் சேர்ப்பார்கள். கடைக்காரர் சீவிக் கொடுத்த மெல்லிய துண்டை வாயில் போட்டதும் மாமனாரின் முகத்தில், ஐரோப்பாவுக்கு வந்து ஆறு நாள்களில் நான் காணாத ஒரு தெளிவு வந்தது. அரைக் கிலோ வாங்கிக்கொண்டோம். சிறு கடைகள் சிலவற்றிலும் அட்டையில் மட்டுமே பணம் வாங்குகிறார்கள் என்பதால் நாணயங்களை மட்டும் நம்பிப் போக வேண்டாம்.

பிற்பகலுக்கு ஒரே ஓர் அருங்காட்சியகத்தைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. இந்தச் சிறிய ஊரில் அவை அளவுக்கு மீறி இருக்கின்றன, ஒவ்வொன்றும் அரை நாள் கேட்கும். குழந்தைகளோடு வருபவர்கள் யோசிக்காமல் ரயில் நிலையத்தின் மறுபக்கத்தில் உள்ள நாச்சுராலிஸ் என்ற இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போகலாம். அமெரிக்காவின் மொன்டானாவில் 2013இல் தோண்டியெடுக்கப்பட்ட ட்ரிக்ஸ் என்ற டைரனோசாரின் எலும்புக்கூடு அங்கே இருக்கிறது. தொல்பொருள் விருப்பமுள்ளவர்களுக்கு ராப்பன்புர்க் கரையிலேயே அரசுத் தொல்பொருள் அருங்காட்சியகம் உண்டு. அஸ்வான் பேரணையின் நீரில் மூழ்கவிருந்த நூபியாவின் நினைவுச்சின்னங்களைக் காப்பதற்கு உதவியதற்காக எகிப்து அன்பளிப்பாக அளித்த தஃபே கோயில், அதன் நுழைவுக் கூடத்தில் கல் கல்லாக மீண்டும் எழுப்பப்பட்டிருக்கிறது. ஓவியம் விரும்புபவர்கள் லாக்கன்ஹால் செல்லலாம். பழைய துணி வணிகக் கூடம் அது. ஓவியர் ரெம்ப்ராண்ட் 1606இல் பிறந்த ஊர் இது என்பதையும் அங்கேதான் உணர வேண்டும், ஏனெனில் அவர் பிறந்த வீடு இப்போது இல்லை.

நாங்கள் தேர்ந்தெடுத்தது பூர்ஹாவ அருங்காட்சியகம். அறிவியலுக்கும் மருத்துவத்துக்கும் உரியது. 2019ஆம் ஆண்டுக்கான ஐரோப்பிய அருங்காட்சியக விருதைப் பெற்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுவதிலுமிருந்து மாணவர்களை ஈர்த்த ஹெர்மன் பூர்ஹாவ என்ற மருத்துவப் பேராசிரியர், நோயாளியின் படுக்கையருகே மாணவர்களை நிறுத்திப் பாடம் நடத்திய பழைய மருத்துவமனைதான் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. ஆண்களுக்கு ஆறு, பெண்களுக்கு ஆறு என்று அவர் வகுப்புக்கு ஒதுக்கப்பட்டிருந்தவை பன்னிரண்டே கட்டில்கள். உடற்கூறு அரங்கத்தின் மறு ஆக்கமும் அங்கே உண்டு. பிணத்தை நடுவில் கிடத்தி, சுற்றிலும் வட்ட வட்டமாக ஏறும் படிகளில் பார்வையாளர் நின்று காணும்படி அமைத்த மர அரங்கம். அது இருண்ட, நெருக்கமான இடம். உள்ளே போனவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

பள்ளி இயற்பியலில் லெய்டன் ஜாடியைப் படித்த யாருக்கும் அடுத்த அறைகள் பழைய நண்பர்களைச் சந்திப்பது போல் இருக்கும். மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் அந்தக் கண்ணாடிக் குடுவையை இங்கே கையாண்ட பேராசிரியர் முஷன்புருக், 1746இல் தாம் வாங்கிய மின்னதிர்ச்சியைப் பற்றி எழுதிய கடிதத்தில், பிரான்சு நாட்டையே கொடுத்தாலும் இன்னொரு முறை அதைத் தாங்க மாட்டேன் என்றாராம். என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது காமர்லிங் ஓனஸின் கருவிகள். 1908 ஜூலை 10 அன்று, அதுவரை யாருக்கும் வசப்படாத ஹீலியம் வாயுவை அவர் இந்த ஊரில் திரவமாக்கினார். பூமியிலேயே மிகக் குளிர்ந்த இடம் அன்று லெய்டன்தான். மூன்றாண்டுகளுக்குப் பின் அதே குளிரில் பாதரசத்தின் மின்தடை அடியோடு மறைந்துபோவதைக் கண்டார். மீக்கடத்தல் என்று நாம் படிப்பது அதைத்தான். 1913இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. குழாய்களும் வளைவுகளும் பாதரச எக்கிகளும் பின்னிப் பிணைந்த அந்தக் கருவித் தொகுப்பைப் பார்க்கும்போது, ஒரு சாராய வடிசாலையை யாரோ மிகுந்த பொறுமையுடன் கண்ணாடியில் செய்திருப்பதுபோல் தோன்றியது. மாமனார் அதன் அடைப்பிதழ்களையும் இணைப்புகளையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, இதில் எங்கே கசிந்திருக்கும் என்பதைக் குறித்து ஒரு கருத்தும் சொன்னார். வெளியே வந்தால் அதே கட்டடத்தின் சுவரில் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சமன்பாடு பெரிதாக வரையப்பட்டிருக்கிறது. அவரும் 1920 முதல் இங்கே சிறப்புப் பேராசிரியராக வந்துபோனவர்தான்.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு செய்தியைத் தனியாகச் சொல்ல வேண்டும். லெய்டன் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது லெய்டன் செப்பேடுகள். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு, ஆனைமங்கலம் என்ற ஊரை முதலாம் இராசராசன் பள்ளிச்சந்தமாக, அதாவது பௌத்த, சமணப் பள்ளிகளுக்குரிய கொடையாக, அளித்ததைச் சொல்லும் இருபத்தொரு ஏடுகளும், முதலாம் குலோத்துங்கன் காலத்து மூன்று ஏடுகளும் டச்சுக்காரர் வழியாக இந்தப் பல்கலைக்கழகத்தின் நூலகத்தைச் சேர்ந்ததால் வந்த பெயர் அது. வளையத்தில் கோத்து முத்திரையிட்ட அந்த ஏடுகளை நேரில் காணலாம் என்ற ஆசையில் இந்தப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். நான் போனபோது அவை அருங்காட்சியகக் கூடத்தில் பேழைக்குள் வைத்து வந்தவர்க்கெல்லாம் காட்டும் பொருள்களாக இல்லை, ஆய்வாளர்களுக்கான ஆவணங்களாகவே இருந்தன. நானும் அந்த ஆசையோடு போனவன்தான். நூலகக் கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு சோழ நாட்டு ஊரின் எல்லைகளை யானை நடத்திக் குறித்த செய்தி, கடலை மண்ணால் தடுத்து வாழும் இந்த ஊரின் பெயரால் அறியப்படுகிறது என்பதை யோசித்துக்கொண்டிருந்ததில் அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்டது.

மீதி இடங்களை நடக்கும் வழியிலேயே பார்த்துக்கொள்ளலாம். பழைய ரைனும் புதிய ரைனும் சேரும் இடத்தருகே, செயற்கையாக எழுப்பிய மேட்டின் மேல் வட்ட மதிலாக நிற்கும் பழங்கோட்டைக்குக் கட்டணம் இல்லை. ஊரின் கூரைகள் அனைத்தையும் அங்கிருந்து பார்க்கலாம், ஆனால் படியேற வேண்டும். பீட்டர்ஸ்கெர்க் தேவாலயத்தை நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விடுவதுண்டு என்பதால் திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரிப்பது நல்லது. மதச் சுதந்திரம் தேடி இங்கிலாந்தை விட்டு வந்து, பின்னர் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய பில்கிரிம் குழுவினர் 1609 முதல் 1620 வரை இந்த ஊரில்தான் வாழ்ந்தனர், அவர்களுடைய போதகர் ஜான் ராபின்சன் இந்தத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். இவற்றைவிட எனக்குப் பிடித்தவை வீட்டுச் சுவர்களில் எழுதப்பட்ட கவிதைகள். 1992இல் தொடங்கிய முயற்சி இது. நூற்றுக்கும் மேற்பட்ட கவிதைகள், பெரும்பாலும் அவற்றின் மூல மொழியிலும் மூல எழுத்திலும். ஒரு சந்து திரும்பினால் ரஷ்ய எழுத்து, மறு சந்தில் ஜப்பானிய எழுத்து. இவற்றைத் தேடிக்கொண்டு போகாமல் தற்செயலாக எதிர்கொள்வதே இன்பம்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். சாலைகள் பெரும்பாலும் கல் பாவியவை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மாலையில் அது தெரியும். மிதிவண்டிகள் ஓசையின்றி வருகின்றன, நடைபாதை என்று நாம் நினைக்கும் சிவப்புத் தடம் உண்மையில் அவர்களுடையது. திங்கட்கிழமையில் பெரும்பாலான அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். கால்வாய்ப் படகுச் சவாரி ஒன்றில் ஏறினோம். பாலங்களுக்கடியில் தலை குனிந்து போவது வேடிக்கையாக இருந்தாலும், ஒலிபெருக்கியின் இரைச்சலில் விளக்கம் பாதி புரியவில்லை, நடந்து பார்த்ததற்கு மேல் ஒன்றும் தெரியவுமில்லை. அந்த ஒரு மணி நேரத்தைத் தோட்டத்தில் செலவிட்டிருக்கலாம் என்று இருவருமே நினைத்தோம்.

ஆறு மணிக்குப் பிறகு கடைகள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்க, ஊர் மாணவர்களின் கைக்குப் போயிற்று. கால்வாய்ச் சுவர்களின் மேல் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். எந்தக் கட்டடத்தில் படிக்கிறீர்கள் என்று ஒருவரிடம் கேட்டதற்கு, வாரத்துக்கு நான்கு வெவ்வேறு கட்டடங்களுக்கு மிதிவண்டியில் ஓடுவதாகச் சொல்லிச் சிரித்தார். அவரோடு பேசிக்கொண்டிருந்ததில் நாங்கள் எண்ணியிருந்த ரயில் போய்விட்டது. நடைமேடைக்கு நாங்கள் மூச்சிரைக்க ஏறியபோது அதன் பின்விளக்கு மட்டுமே தெரிந்தது. மாமனார் அறிவிப்புப் பலகையில் அடுத்த ரயிலின் நேரத்தைப் பார்த்தார், தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு இருக்கையில் அமர்ந்து பாலாடைக்கட்டிப் பொட்டலத்தைப் பிரித்தார். "பத்து நிமிஷந்தானே, மாப்பிள்ளை. உட்காருங்க."